லெட்சுமியின் குரலை நான் ஊருக்கு அனுப்பிய ஞாயிறு

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு வேர்க்கும். எனக்கு வேலை செய்ய வரும். பயந்துவிட்டேன் என்றால் உடனே எதையாவது செய்ய ஆரம்பித்துவிடுவேன். எதை என்பது முக்கியமில்லை. ஒருமுறை வகுப்பறைக்குள் பாம்பு வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் மேசைமேல் ஏறி நிற்க, நான் மும்முரமாகக் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேனாம். பாம்பு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தானாகப் போய்விட்டது. பலகை மட்டும் கண்ணாடி மாதிரி துப்புரவாக இருந்தது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமார் இதைப் படித்துச் சிரியுங்கள். எனக்கு வயது ஐம்பத்தாறு, ஓய்வெடுத்து ஒரு வருடம் ஆகிறது, இனிச் சிரித்தால் எனக்கு நட்டமில்லை. ஆனால் சிரித்துவிட்டு மிச்சத்தையும் படியுங்கள். பாம்பு வந்த அன்று நான் பிழைத்தது என் கெட்டித்தனத்தால் அல்ல. இன்னொரு நாள் அதே குணம் ஒரு பிள்ளையைப் பாடசாலையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டது.

பெட்ரோல் வரிசை ஊரைச் சுற்றி வளைத்திருந்த காலம் அது. பஸ்கள் குறைந்துபோயின. மாத்தளை டவுனில் இருந்த எங்கள் பாடசாலைக்குப் பலாபத்வலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பாதி நாள் வர முடியாமல் தவித்தார்கள். அதனால் வாரத்தில் மூன்று நாள் வகுப்பில், இரண்டு நாள் வீட்டிலிருந்து போனில் என்று ஒரு ஏற்பாடு வந்தது. சுற்றறிக்கையில் அதற்குக் கலப்புக் கற்றல் என்று பெயர். ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்த பெயர் கலப்படக் கற்றல்.

நான் தரம் ஒன்பதுக்கு வகுப்பாசிரியர், பாடம் வரலாறு. வீட்டில் இருக்கும் இரண்டு நாளில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி அனுப்பினால் பாதிப் பேருக்கு அது பயன்படவில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிள்ளைக்கு ஏற்ற மாதிரிப் பாடத்தை அமைக்க வேண்டும். அதற்குப் பிள்ளையைப் பற்றித் தெரிய வேண்டும். அந்த இரண்டு நாளில் பிள்ளையைப் பார்க்கிறவர்கள் நாங்கள் இல்லை, பெற்றோர். ஆகவே பெற்றோரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த வாரம் வீட்டில் உங்கள் பிள்ளை படிப்பதைப் பார்த்தபோது நீங்கள் கண்ட ஒரு விசயம் என்ன? எழுத வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் எனக்குத் தனியாக வொய்ஸ் அனுப்புங்கள் என்றேன்.

முதல் இரண்டு கிழமையும் எல்லாரும் ஒரே பதிலைத்தான் அனுப்பினார்கள். "நல்லா படிக்கிறாங்க சேர்." பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன்: "இவ்வளவு நல்லா படிக்கிற புள்ளைங்க வகுப்புல மட்டும் எங்க போறாங்க? நான் வந்த பிறகு ஒளிஞ்சுக்கிறாங்களா?" சிரித்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உண்மை வரத் தொடங்கியது. மகள் தாளில் கணக்குப் பிழை விடுகிறாள், ஆனால் போஞ்சி நிறுத்துப் போடும்போது ஒரு கிராம் பிசகுவதில்லை என்று ஒரு தகப்பன் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குக் கணக்குகள் தராசில் போயின. இன்னொரு தாய், மகன் பாடத்தைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் மறப்பதில்லை என்றார். தம்பியையும் வகுப்பில் சேர்த்துக்கொண்டேன் என்று வையுங்கள்.

ஒன்பது வருடம் இடாப்பில் பெயர் கூப்பிட்ட எங்களுக்குத் தெரியாததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என் காதுக்குள் வந்து விழுந்தது. நான் மிதந்துகொண்டிருந்தேன். மிதக்கிறவன் கீழே பார்ப்பதில்லை.

லெட்சுமியின் முதல் வொய்ஸ் அப்போதுதான் வந்தது. லெட்சுமி தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். கணவருக்குக் கொழும்பில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மகள் நிரோஷா என் வகுப்பு. அமைதியான பிள்ளை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். எழுத்து மட்டும் கோழி கிளறியது மாதிரி இருக்கும். நான் அதற்குப் பகிடி விடுவேன்.

லெட்சுமி சொன்னது இது: "சேர், இது ஒங்களுக்கு மட்டும் சொல்றேன். இவளுக்கு வாசிக்க வராது சேர். யாராச்சும் ஒரு தரம் வாசிச்சா கேட்டு மனசுல வச்சுக்குவா. அப்பறம் புத்தகத்த பாத்து வாசிக்கிற மாதிரியே சொல்லுவா. பக்கம்கூட சரியா திருப்புவா. நீங்க நோட்ஸ போட்டோ புடிச்சு அனுப்புறீங்கல்ல, அத வாசிச்சுக் காட்ட ஆளு இல்ல. ஒரு மணித்தியாலம் போன வெறிச்சு பாத்துக்கிட்டே இருந்தா. அப்பதான் எனக்கு விளங்குச்சு. நான் அஞ்சாம் வகுப்பு சேர். எனக்கே எழுத்துக்கூட்டித்தான் வரும்."

அந்த வொய்ஸை மூன்று தரம் கேட்டேன். என் வகுப்பில் அவள் எத்தனையோ தடவை எழுந்து நின்று வாசித்திருக்கிறாள். எப்போதும் மூன்றாவதாகவோ நாலாவதாகவோதான். நான் அதைக் கவனித்ததே இல்லை. பாம்பைக்கூடக் கவனித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது சரியான வேலை. என் சரிகள் குறைவு, அதனால் இதைச் சொல்லிவைக்கிறேன். அவளைத் தனியே பிரிக்கவில்லை. முழு வகுப்புக்கும் நோட்ஸோடு சேர்த்துப் பாடத்தைக் குரலிலும் அனுப்பினேன். பெரிய எழுத்தில் ஒரு தாளும் கொடுத்தேன். குரலைக் கேட்டுக்கொண்டே விரலால் தொட்டுப் போக வேண்டும், வாரத்துக்கு ஒரு பந்தி. மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. லெட்சுமி வேலை முடிந்து வந்து மகளோடு உட்கார்ந்து தானும் விரல் வைத்தார். எங்கள் தமிழ் டீச்சரிடம் மட்டும், பெயர் சொல்லாமல், இப்படி ஒரு பிள்ளைக்கு எந்த எழுத்தில் தொடங்குவது என்று கேட்டேன். சேர்தான் எல்லாருக்கும் இப்படிக் கொடுக்கிறார் என்று நிரோஷா நினைத்திருந்தாள். அம்மா சொல்லித்தான் என்று அவளுக்குத் தெரியாது.

மூன்று வாரம் போனது. அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு லெட்சுமியிடமிருந்து இன்னொரு வொய்ஸ்.

"சேர், நிரோஷா அம்மா. இந்த வாரம் மூணு வரி தானா வாசிச்சிட்டா சேர். ஒங்க கொரல போடாமலே. ஒம்பதாம் வகுப்பு புள்ள மூணு வரி வாசிச்சதுக்கு நான் போயி அடுப்படியில நின்னு அழுதேன். சிரிக்காதீங்க. நான் ஒங்களுக்கு சொன்னது அவளுக்கு தெரியாது சேர். தெரிஞ்சா என்கூட பேச மாட்டா. டேட்டா முடியப்போகுது, வைக்கிறேன்."

சந்தோசம் பயத்தைவிடப் பொல்லாதது என்பதை நான் அன்றைக்குத்தான் கற்றேன். இதைத் தமிழ் டீச்சர் கேட்க வேண்டும், அவருடைய யோசனைதானே பலித்திருக்கிறது என்று தோன்றியது. பெயர் சொல்லாமல் காத்த மூன்று வாரமும் அந்தக் கணத்தில் மறந்துபோனது. என் போனில் அவர் பெயர் "தரம் 9 தமிழ் டீச்சர்". அதற்கு மேல் இருந்த பெயர் "தரம் 9 பெற்றோர்", எல்லாப் பெற்றோரும் இருக்கும் குரூப். விரல் தடித்த மனிதனுக்கு அந்த இடைவெளி போதாது.

அனுப்பிய மறுநொடி கண்டுவிட்டேன். அழுத்திப் பிடித்தேன். அழிக்கவா என்று போன் கேட்டது, ஏதோ இரண்டு மூன்று தெரிவுகளைக் காட்டியது. முதலில் கண்ணில் பட்டதை அழுத்தினேன். வொய்ஸ் மறைந்தது. அடியில் ஒரு சின்ன வரி சில விநாடி மின்னிப் போனது. பாராட்டுகிறது என்று நினைத்தேன். வாசிக்கத் தெரிந்த நான் அதை வாசிக்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மனைவியிடம் போய் இன்னொரு பிளேன்டீ கேட்டேன்.

டீ பாதி குடிக்கையில் போன் அதிர்ந்தது. ஒரு தாய் எழுதியிருந்தார்: "சேர் இது நிரோஷாட அம்மாவா? பாவம்." அதற்கு இரண்டு பேர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். என் போனில் இல்லாத வொய்ஸுக்கு அவர்கள் எப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

"என்னங்க, முகம் ஏன் அவிஞ்ச மரவள்ளி மாதிரி போயிருச்சு?" என்றாள் மனைவி.

அப்போதுதான் எனக்கு வேலை செய்ய வந்தது.

முதலில் குரூப்பில் ஓர் அறிவித்தல் போட்டேன்: "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஒரு குரல் பதிவு வந்துவிட்டது. தயவுசெய்து யாரும் அதைக் கேட்க வேண்டாம்." அதுவரை கேட்காமல் இருந்த எல்லாரும் கேட்டார்கள். பிறகு அதை மேலே தள்ளிவிடலாம் என்று ஒரு யோசனை. அடுத்த தவணை நேரசூசி, சீருடை பற்றிய ஒரு பழைய அறிவித்தல், கண்டி இராச்சியத்து மன்னர்கள் அட்டவணை, பிறகு அனுப்ப ஒன்றும் இல்லாமல் ஒரு தாமரைப் பூவும் காலை வணக்கமும். நேரம் பகல் பதினொன்று. ஒரு தகப்பன் கேட்டார்: "சேர், இன்னைக்கி ஏதும் விசேசமா?"

கணினி டீச்சர் அழைத்தார், அவரும் அந்தக் குரூப்பில் இருந்தார். அவருக்கு என் மகள் வயது. பாடசாலையில் போன் சம்பந்தமான எந்தக் கோளாறுக்கும் அவர்தான் வைத்தியர்.

"சேர், என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"அழிச்சிட்டேன் டீச்சர்."

"ஒங்களுக்கு மட்டும் அழிச்சிருக்கீங்க சேர். மத்த எல்லாரு போன்லயும் இருக்கு. இனி ஒங்களால அழிக்க ஏலாது. குரூப்ப நடத்துற இன்னொரு ஆளு யாரு?"

"ஹாஜியார்." டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவர், என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வாப்பா. குரூப்பைத் தொடங்கும்போது அவரையும் என்னையும் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள்.

"அவரோட நான் பேசிக்கிறேன். நீங்க ஒரு வேல செய்ங்க. நிரோஷா அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட்டு பாத்தேன், ஒத்த டிக்தான் விழுது. அவங்க போன்ல டேட்டா இல்ல. இன்னும் அவங்க கேக்கல. பதினொன்றர பஸ்ஸுல ஏறி அங்க போயிருங்க. யாரும் சொல்றதுக்கு முந்தி நீங்க சொல்லுங்க."

"மொதல்ல இத அழிச்சிட்டு போறேன் டீச்சர்."

"சேர், வொய்ஸ அழிக்கலாம். கேட்டத அழிக்க ஏலாது. நீங்க போங்க."

தம்பிமாரே, என் முப்பது வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிக நல்ல அறிவுரை அதுதான். இருபத்தாறு வயதுப் பிள்ளை ஒன்று ஒரு நிமிடத்தில் சொன்னது. பஸ் நிலையத்துக்கு என் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. நான் போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாஜியாரை நானே அழைத்தேன். திரையைத் துப்புரவாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் மூளை உறுதியாகச் சொன்னது. மனிதர்களைப் பார்த்துப் பேசுவதைவிடத் துடைப்பது எனக்கு எப்போதும் சுலபம்.

ஹாஜியார் ஐந்தாவது அழைப்பில் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம்.

"சேர், நான் நாவுலயில ஒரு கலியாண ஊட்டுல ஈக்கிறேன். செல்லுங்க."

"ஹாஜியார், குரூப்புல ஒரு வொய்ஸ் இருக்கு. அத நீங்கதான் அழிக்கணும்."

"எந்த வொய்ஸ்? தாமரப்பூ ஈக்கி, ராஜாமார் ஈக்கி, சட்ட தைக்கிற அளவு ஈக்கி. வொய்ஸக் காணல்லயே சேர்."

என் தாமரைப்பூவே என் வழியை மறித்தது. மேலே போங்கள், இன்னும் மேலே என்று நான் கத்த, சாப்பாட்டுக்கு வரச்சொல்லி அவரை யாரோ இழுக்க, அழைப்பு அறுந்தது. பிறகு சாப்பாடு. பிறகு தொழுகை. பிறகு மாப்பிள்ளையோடு போட்டோ. கணினி டீச்சர் இரண்டு முறை என்னை அழைத்தார். அந்த நேரம் ஹாஜியார் அழைத்துவிட்டால் என்ன செய்வது என்று நான் டீச்சரின் அழைப்பை எடுக்கவில்லை. பதினொன்றரை பஸ் போனது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வழிக்கு அடுத்த பஸ் ஐந்து மணிக்கு.

நாலு மணிக்கு வொய்ஸ் அழிந்தது. ஹாஜியார் அழைத்துச் சொன்னார். நான் கதிரையிலிருந்து எழும்பி வெற்றி பெற்றவன் மாதிரிக் கைகளை உயர்த்தினேன். ஆறிப்போன பகல் சோற்றை நிறையப் போட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். ஐந்து மணிப் பஸ்ஸும் போனது. அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த நேரத்தில் தோட்டத்தில் நடந்தது என்ன என்று லெட்சுமி எனக்குப் பிறகு சொன்னார். மூன்று மணிபோல நிரோஷா தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருக்கிறாள். அங்கே நாலைந்து பேர். லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராப் பெண் ஒருத்தி, அவளுடைய மகனும் என் வகுப்புத்தான், கெட்ட மனுசி இல்லை, இவள் தலையைத் தடவி, "பரவால்ல புள்ள, மூணு வரி வாசிச்சிட்டியாமே. ஒங்கம்மா அழுதுருக்கா பாரு" என்று சொல்லி, பாசத்தில் போனையும் எடுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறாள். வாளியைப் பீலிக்கடியில் அப்படியே விட்டுவிட்டு நிரோஷா வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கள் வகுப்பு நாள். இடாப்புக் கூப்பிட்டேன். நிரோஷாவின் பெயருக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

பாடசாலை விட்டதும் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று நாலு காரணம் தயாரித்தேன். பெயர்கள் கிட்டக்கிட்ட இருந்தன. விரல் தடிப்பு. வயது. பெட்ரோல் பிரச்சினை. நாலாவது ஏன் வந்தது என்று எனக்கே தெரியாது.

லெட்சுமி அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலில் கதிரை போட்டார். "வாங்க சேர், உக்காருங்க" என்றார். டீயும் வந்தது. அந்த மரியாதை எனக்கு அடி விழுவதைவிட மோசமாக இருந்தது.

"அம்மா, அது போன்ல ஒரு கோளாறு" என்று தொடங்கினேன்.

"ஆமா சேர். குரூப்புல அப்படி போட்டிருந்தீங்க. காலையில டேட்டா போட்டு பாத்தேன்." சீனிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "அதுனாலதான் எல்லாரும் நான்தான் மாறி அனுப்பிட்டேன்னு நெனைக்கிறாங்க. இவளும் அப்படித்தான் நெனைக்கிறா."

"நான் அனுப்பினதுன்னு பேர் விழுந்திருக்குமே அம்மா."

"இவ பேர எங்க சேர் வாசிச்சா? கொரலத்தான் கேட்டா. என் கொரல்."

டீக்கோப்பையைக் கீழே வைத்தேன். நாலு காரணமும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"நேத்திலருந்து என்கூட பேசல. சாப்புடவும் இல்ல. நான் அனுப்பலன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீங்க சொல்லுங்க சேர். நீங்க சொன்னா நம்புவா."

உள்ளே ஒரு சீலைத் திரை. அதற்குப் பின்னால் நிரோஷா இருந்தாள். கால் மட்டும் தெரிந்தது. நான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நிரோஷா, நான்தாம்மா அனுப்பினேன். அம்மா இல்ல. போன் கோளாறும் இல்ல. என் பிழை."

பக்கத்துக் காம்பராவில் ரேடியோவை யாரோ மெல்லக் குறைத்தார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்தில் சுவர் என்பது ஒரு மரியாதைக்குத்தான்.

பிறகு குரல் வந்தது. "எனக்கு வாசிக்க வராதுன்னு சேருக்கு யாரு சொன்னா?"

திரும்பிப் பார்த்தேன். லெட்சுமி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே கண்டுபிடித்தேன் என்று ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். சாதாரணமாக எனக்குப் பொய் சுலபமாக வரும். ஆனால் பதிலை அவள் ஏற்கெனவே பீலியில், அம்மாவின் குரலிலேயே கேட்டுவிட்டாள்.

"அம்மா சொன்னாங்க. ஒனக்கு ஒதவி செய்யத்தான் சொன்னாங்க."

"எல்லாருக்கும் வொய்ஸ்ல பாடம் போட்டது எனக்காகவா?"

"ஆமா."

கால் பின்னுக்கு நகர்ந்தது. நான் அரை மணித்தியாலம் நின்றேன். ஒரு பகிடியும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று லெட்சுமிதான் சொன்னார். வாசல்வரை வந்து, "ஒரு ஆளுகிட்ட சொன்னதா நெனச்சேன் சேர்" என்றார். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்திருந்தால் நான் அதைக் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பேன்.

அந்தக் கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். கோளாறு போனில் இல்லை, என்னிடம் என்றேன். பீலியில் போனைப் போட்டுக் காட்டிய பெண் அழுதுவிட்டாள். ஹாஜியார் எழும்பினார்.

"சேர், ஒங்களக் கோவிக்க இங்க யாரும் இல்ல. புழ எல்லாருக்கும் வாரதுதான். ஆனா ஒண்டு செல்லணும். இனி ஊட்டு விசயம் போன்ல செல்ல எங்களுக்குப் பயம்."

அடுத்த ஞாயிறு நாலு வொய்ஸ் வந்தது. நாலிலும் ஒரே வாசகம். "நல்லா படிக்கிறாங்க சேர்." போஞ்சி நிறுக்கும் பிள்ளையின் தகப்பனும் அதையேதான் சொன்னார்.

இந்த இடத்தில் உங்களுக்குப் புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வது தரவு இல்லை. நீங்கள் எவ்வளவு நல்ல திட்டம் போட்டாலும் அது அந்த வீட்டின் அடுப்படியிலிருந்து கடனாக வந்தது. அதைச் சந்தோசத்தில்கூட இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது, அந்த இன்னொருவர் தமிழ் டீச்சராக இருந்தாலும். சரியான பெயரை அழுத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன், ஆனால் அதுவும் பிழைதான். அது எனக்கு விளங்க நாள் எடுத்தது. மற்றது, பிழை விட்டால் பஸ் ஏறுங்கள். துடைக்கிற வேலையை வேறு யாராவது பார்ப்பார்கள்.

நிரோஷா வரவில்லை. நான் இன்னும் மூன்று முறை போனேன். ஒருமுறை திரை திறந்திருந்தது, அவள் இல்லை. என்னைக் கண்டதும் பின்பக்கத்தால் போய்விட்டாள் என்று லெட்சுமி சொன்னார். பாடத்தைக் குரலில் அனுப்பினேன். கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. அம்மாவோடு பேசுகிறாளா என்று மட்டும் ஒருமுறை கேட்டேன். "சாப்பாடு வேணுமான்னா வேணும்ங்குறா" என்றார்.

தவணை முடிவில் ஒரு காலை, லீவுத் தாளில் கையெழுத்து வைக்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கே லெட்சுமியும் நிரோஷாவும் நின்றார்கள். விடுகைப் பத்திரம் எடுக்க வந்திருந்தார்கள். கலேவெலயில் லெட்சுமியின் தங்கச்சி இருக்கிறாளாம், அங்கே ஒரு பாடசாலையில் சேர்க்கப் போகிறார்களாம். வாங்கில் வேறு இரண்டு பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். நிரோஷா என்னைப் பார்க்கவில்லை.

கிளார்க் ஒரு படிவத்தை நிரோஷாவிடம் நீட்டினார். "ஒம்பது படிக்கிற புள்ளதானே, அம்மாவுக்கு வாசிச்சு காட்டி நெரப்பு மகள்."

அவள் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள். வாங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர்களும் அந்த வொய்ஸைக் கேட்டவர்கள்தான். லெட்சுமியின் கை தாள்பக்கம் போய்த் திரும்பியது.

எனக்கு வேலை செய்ய வந்தது. "இங்க குடுங்க" என்று தாளை வாங்கிக்கொண்டேன். "இந்த ஒபிஸுல என் எழுத்துத்தான் அழகு, கிளார்க் ஐயாட்ட கேளுங்க. ஆனா சத்தமா வாசிச்சாத்தான் எனக்கு விளங்கும், வயசு போயிருச்சு." மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்து, அவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். பெயர். பிறந்த திகதி. தரம். சேரப்போகும் பாடசாலை. பெற்றோரின் கையொப்பம் இங்கே என்று லெட்சுமிக்குக் காட்டினேன்.

நிரோஷா மேசைக்குக் கிட்ட வந்தாள். தாளின் நடுவில், நான் வாசிக்காமல் தாண்டிப்போன ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"வி... ல... கு... வ... தற்... கான," என்றாள். மூச்சு வாங்கினாள். "கா... ர... ணம்."

கிளார்க் தலை நிமிர்ந்தார். லெட்சுமி மகளின் முகத்தைப் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்தது, எப்போது, எந்தத் தாளில் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருக்கவில்லை.

"அத எழுதல சேர்" என்றாள்.

"குடும்பக் காரணம்னு போடுங்க சேர்" என்றார் கிளார்க். "எல்லாரும் அதான் போடுறது."

நான் போட்டேன். என் அழகான எழுத்தில் குடும்பக் காரணம் என்று எழுதித் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன். விரல் அந்தச் சொற்களின் மேல் மெல்லப் போனது. உதடு அசைந்தது. முடிந்ததும் விரலை எடுக்காமலே சொன்னாள்:

"எங்க குடும்பம் ஒண்ணும் செய்யலயே சேர்."

லெட்சுமி அவள் தோளில் கை வைத்தார். அவள் அதைத் தட்டிவிடவில்லை.

அந்த இரண்டு சொல்லையும் வெட்டப் போனேன். வெட்டி எழுதிய படிவம் செல்லாது என்று கிளார்க் சொன்னார். இன்னொன்று கேட்டு வாங்கினேன். பெயர், திகதி, தரம், பாடசாலை எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். காரணம் என்ற இடத்தில், வகுப்பாசிரியர் செய்த பிழை என்று எழுதி அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவள் விரலை வைத்தாள். முதல் சொல் நீளமானது. நாங்கள் காத்திருந்தோம்.